எஃப்.சி.க்கு வைத்த வெற்றிலை பாக்கு

1

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் மனிதர்களைவிடக் கார்களுக்குத்தான் தவறாமல் உடம்புப் பரிசோதனை நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மேலே தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்து, துரு ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் பின்பக்க நம்பர் பிளேட்டில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போன வாரம் எங்கள் வண்டியின் முறை.

பரிசோதகருக்கு ஓய்வுபெறும் வயது இருக்கும். வேலை முடிந்து நன்றி சொல்லும்போது அவரை 'நீ' என்று சொல்லிவிட்டேன். நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஒரு கிடங்கில், லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களிடம். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, 'நீங்கள்' என்பதை அழுத்திச் சொல்லி விடைகொடுத்தார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னைவிடப் பத்து வயது சின்னவரைக்கூட நான் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இங்கே இத்தனை வருடம் கழித்தும் மரியாதை தெரியாதவனாகத் திரிகிறேன்.

ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கபூர் மாமாவுக்கு அனுப்பினேன். அவர் என் அம்மாவின் தம்பி, சூளகிரியில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சற்று நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"ஏண்டா சாதிக், உங்க ஊர்லயும் எஃப்.சி.க்கு ஓனரே நேர்ல வரணுமா?"

எஃப்.சி. என்று அவர் சொல்வது வண்டியின் தகுதிச் சான்றை. பின்னால் மாமி சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

மாமா தக்காளி வியாபாரி. ராயக்கோட்டை மார்க்கெட்டில் வாங்கி பெங்களூருக்கு அனுப்புவார். அங்கே சரக்கை இறக்கி விற்றுக் கொடுப்பவர் வெங்கடப்பா. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மாமாவோடு தமிழ். இரண்டு பேரும் கூட்டு. ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்று சொன்னால் மிகை, ஆனால் ஒரே ஓட்டலில் ஒரே மேஜையில் தினமும் சாப்பிட்டார்கள்.

கூட்டில் நாலு காசு சேர்ந்தபோது மாமா ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். கர்நாடக நம்பரில் வாங்கினார். எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. காவிரித் தண்ணீருக்காகச் சச்சரவு கிளம்பும் நாட்களில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டி பெங்களூருக்குள் போய் முழுக் கண்ணாடியோடு திரும்புவது சந்தேகம். சாதாரண நாட்களிலும் ஒவ்வொரு சிக்னலிலும் ஓரம்கட்டச் சொல்வார்கள். கர்நாடக நம்பர் வேண்டுமென்றால் கர்நாடக விலாசம் வேண்டும். மாமாவுக்கு அங்கே ஏது விலாசம்? வெங்கடப்பாவுக்கு இருந்தது. ஆகவே வண்டி வெங்கடப்பா பேரில் பதிவானது. சாவி மாமாவிடம், ஆர்.சி. புத்தகம் வெங்கடப்பா பேரில். அன்றைக்கு இரண்டு பேருக்குமே இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இதை இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் சொன்னபோது, "அப்படியானால் அது திருட்டு வண்டியா?" என்று கேட்டார். இல்லை, நட்பு என்றேன். அதற்கு இந்த ஊரில் படிவம் இல்லை.

3

பிரிந்தது பணத்தால் அல்ல. பத்திரிகையால்.

வெங்கடப்பாவின் மகளுக்குக் கல்யாணம் கூடியது தக்காளி சீசனில். விலை எகிறிக்கொண்டிருந்த நேரம். மனிதர் மார்க்கெட்டை விட்டு நகர முடியாமல், பெங்களூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில், காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே ஒரு கிரேட்டில் கல்யாணப் பத்திரிகையை வைத்து அனுப்பிவிட்டார். டிரைவர் அதை மாமாவிடம் கொடுத்தபோது ஓரத்தில் தக்காளிச் சாறு ஊறியிருந்தது.

கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்துதான் கூப்பிட வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் பத்திரிகை. வாசலில் நின்று 'குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்கணும்' என்று வாயால் சொல்ல வேண்டும். சூளகிரியிலிருந்து அத்திப்பள்ளி வரை எந்த சாதிக்காரரும் எந்த மதத்துக்காரரும் இதில் மட்டும் வேறுபட மாட்டார்கள். மாமாவை வெங்கடப்பா காலிப் பெட்டியில் கூப்பிட்டிருந்தார்.

மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமா வராததை வெங்கடப்பா மன்னிக்கவில்லை. அந்த சீசனோடு கூட்டு உடைந்தது.

"அவன் பேர்ல இருக்கிற வண்டியில நான் ஏறுறதா?" என்று மாமா சாவியை ஆணியில் மாட்டினார். காருக்குத் தார்ப்பாய் போர்த்தி, பிறகு அதன்மேல் காலிக் கிரேட்டுகளை அடுக்கி, நாளடைவில் அந்தப் பக்கம் ஒரு கார் இருப்பதே வருகிறவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்சூரன்ஸ் முடிந்தது. பதினைந்து வருடம் முடிந்து பதிவும் காலாவதியானது.

4

போன வருடம் லீவில் நான் போயிருந்தபோது மாமிக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், ஓசூரில், காலையில் முதல் ஆளாக. சூளகிரியிலிருந்து பெரிய தூரமில்லை. ஆனால் பஸ் படியில் அவரால் கால் வைக்க முடியாது. போனில் கூப்பிட்டால் டாக்சிக்காரன் வருகிறேன் என்பான், எங்கே என்று கேட்பான், ஆஸ்பத்திரி என்றதும் ரத்து செய்வான். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினில் அடுத்தவரைப் போட்டுவிடுவார்கள், மாமி வராந்தா பெஞ்சில் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் போகவே முடியாமல் போய், கால் வீங்கி, மூச்சு வாங்கி, நான் பயந்துவிட்டேன். மாமி மெஷின் நேரத்தைத் தொழுகை நேரத்தைப் போலப் பார்ப்பவர். தவறினால் அவருக்கு உடம்பைவிட மனசு கெட்டுவிடும்.

மறுநாள் மாமா கிரேட்டுகளை இறக்கி அடுக்கினார். தார்ப்பாயை இழுத்தார். மெக்கானிக் வந்து பார்த்து, எலி கடித்த வயரையும் செத்த பேட்டரியையும் கல்லாகிப்போன டயரையும் மாற்றினார். மூன்றாம் நாள் வண்டி இருமிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. மாமா முகத்தில் அப்போது வந்த சிரிப்பு அன்று சாயங்காலமே காணாமல் போனது.

வண்டி ஓடுவது வேறு, ரோட்டில் ஓடுவது வேறு. இன்சூரன்ஸ் போடப் புகைச் சான்று கேட்டார்கள். புகைச் சான்றுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஓட்ட வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் வேண்டும். இதையெல்லாம் எப்படியோ தாண்டினாலும், பதிவைப் புதுப்பிக்க எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு வண்டியை நிறுத்த வேண்டும், ஓனர் கூட நிற்க வேண்டும். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் ஓனர் போனுக்கு ஓ.டி.பி. போகும்.

பிரவுசிங் சென்டரில் பட்டனை அழுத்திவிட்டு நான் வெங்கடப்பாவுக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னேன். எதற்கு என்று சொன்னேன்.

"நம்பர் வந்திருக்குது, தம்பி," என்றார் அவர். "பாய் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காருங்க."

"அவரு கேக்கட்டும். சொல்றேன்."

போனை மாமாவிடம் நீட்டினேன். மாமா ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஓ.டி.பி. செத்தது. இன்னொரு முறை அழுத்தினோம். அதுவும் செத்தது. சென்டரில் இருந்த பெண், "அங்கிள், இதுக்கு மேல போட்டா இன்னைக்கு லாக் ஆயிடும்," என்றாள்.

புது வண்டியே வாங்கித் தருகிறேன் என்று அன்று மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்காதது போல எழுந்து போய்விட்டார். மாமிதான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நீ வண்டி கிண்டி வாங்கிடாத. வாங்கினா நான் ஏற மாட்டேன்."

"ஏன் மாமி? உங்களுக்காகத்தானே சொல்றேன்."

"புது வண்டி வந்தா நான் ஆஸ்பத்திரி போயிடுவேன், சரி. எனக்கு அப்புறம் இந்த மனுசன் யாருகூடடா பேசுவாரு? மார்க்கெட்ட விட்டாச்சு. பொண்ணு குவைத்துல இருக்குது, போன் பண்ணா பேரன் மூஞ்சியக் காட்டிட்டு வெச்சிடுது. பள்ளிவாசலுக்குப் போனா சலாம் சொல்லிட்டு வந்துடுறாரு. வாயத் தொறந்து சண்டை போடன்னு இவருக்கு இருந்தது அந்த ஒரே ஆளுதான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. கார் விஷயம் என்று நினைத்து நான் கையில் எடுத்தது கார் விஷயம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

5

அன்று என் மகள் ஜாஸ்மினுக்கு வீடியோவில் இதைச் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இது இப்போது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது.

"அந்தத் தாத்தா ஒரு மெசேஜ் போட்டு ஸாரி சொல்லிடலாமே," என்றாள்.

எதற்கு ஸாரி, யார் ஸாரி என்று விளக்க ஆரம்பித்து, பத்திரிகை வைப்பது என்றால் என்ன என்பதில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கையில் கொடுப்பது என்றேன். ஏற்கெனவே தேதி தெரிந்தவருக்கும் போய்க் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். தெரிந்தவருக்குத்தான் முக்கியமாக என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

சில மாதம் முன்பு அவள் பள்ளியில் வாத்தியக் கச்சேரி நடந்தது. அவளும் வயலின் வாசித்தாள். அது எனக்குத் தெரிய வந்தது பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிய பொது மின்னஞ்சலில். நீ ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "நீங்க இங்கதானே இருக்கீங்க," என்றாள், அபூர்வமாகத் தமிழில். கோபத்தில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா வீட்டுச் சமையலறை வாசலில் நின்றபோது அது ஞாபகத்துக்கு வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மாமாவைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

6

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமா வீட்டுக்கு வந்தபோது மாமி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்திருந்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு. அதன்மேல் பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கிய பதிவுப் புதுப்பிப்பு விண்ணப்பம், ஓனர் கையெழுத்துக் கட்டம் காலியாக.

"இது என்ன கூத்து?" என்றார் மாமா.

"அவரு எப்படிக் கூப்பிட்டிருக்கணும்னு நீங்க இத்தனை வருசமாச் சொல்லிட்டு இருக்கீங்களே, அப்படிப் போய்க் கூப்பிடுங்க. நான் அடுத்த வாரமும் பெஞ்சுல உக்காரணுமா?"

மாமா தட்டைக் கையில் எடுத்தார். வெள்ளைச் சட்டையை மாற்றாமல் அப்படியே கிளம்பினார், நானும் கூடப் போனேன். பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர், "எங்க பாய் கல்யாணம்?" என்று கேட்டதற்கு, "அத்திப்பள்ளில," என்று மட்டும் சொன்னார்.

வெங்கடப்பா வீட்டு கேட் திறந்திருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்து, நான் சின்ன வயதில் பார்த்த ஆளில் பாதியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம வண்டிக்கு எஃப்.சி. வெச்சிருக்குது. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

வெங்கடப்பா தட்டைப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பாய், வீட்டு மனுசனுக்குப் பத்திரிகை எதுக்குன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் நேர்ல போய்க் குடுத்தேன். நீங்க எப்படியும் முன்னாடி நாளே வந்து பந்தியப் பாத்துப்பீங்கன்னு இருந்தேன்."

"வீட்டு மனுசன்னு நானும் நெனச்சதாலதான் கோவம் வந்துச்சு," என்றார் மாமா. "வேற எவனாவது அப்படி அனுப்பியிருந்தா நான் கிரேட்டத் திருப்பி அனுப்பிட்டு மறந்திருப்பேன்."

வெங்கடப்பா எங்களை உள்ளே கூப்பிட்டார். மாமி உடம்பைப் பற்றி மாமா சொன்னபோது வெங்கடப்பா தெலுங்கில் என்னவோ முணுமுணுத்துவிட்டு, "எனக்கு யாருமே சொல்லல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காபி வந்தது. கையெழுத்துப் போட்டார். பிறகு என் போனிலேயே என்னைப் பட்டனை அழுத்தச் சொல்லி, போன் சத்தம் போட்டதும் ஓ.டி.பி.யை மாமாவிடம் தெலுங்கில் சொன்னார். மாமா அதைத் தமிழில் என்னிடம் சொன்னார். நான் அடித்தேன். பச்சை டிக் வந்தது.

7

பரிசோதனை தேதிக்கு முன்னால் என் லீவு முடிந்துவிட்டது. மிச்சத்தைப் போனில்தான் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எல்லை தாண்டி ஓட்ட முடியாது என்பதால், தூக்கிச் செல்லும் லாரியில் ஏற்றி அத்திப்பள்ளி கொண்டுபோனார்கள். மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே தன் வண்டி வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் அங்கேயே வாங்கியாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வெங்கடப்பா வந்தார். கூப்பிட்டபடியே வந்தார், குடும்பத்தோடு. மனைவி, அந்தக் கல்யாணத்துப் பெண், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு அடுக்கு டிபன் கேரியர். பரிசோதிக்க வந்த அதிகாரி, "யார்து மதுவே?" என்று கன்னடத்தில் கேட்டாராம். யாருக்குக் கல்யாணம் என்று. வண்டிக்குத்தான் சார் என்று மாமா தமிழில் சொல்ல, கைப்பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி போனார்கள். மறுபடி குடும்பத்தோடு. பாஸானது.

அதோடு வேலை முடியவில்லை. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றி, பெயரை மாற்ற வேண்டும். அதற்கு என்னென்ன தேவை என்று நான் வரிசையாக எழுதி அனுப்பினேன். மாமா அதற்கும் ஒரு தேதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். மாமிதான் இடையில் புகுந்து, "அதுக்கும் ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன்," என்றார்.

புது எஃப்.சி.யோடு மாமி முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன நாளைப் பற்றி அன்று சாயங்காலமே போனில் சொன்னார். நான் இங்கே வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

வெங்கடப்பா முதல் பஸ்ஸைப் பிடித்துச் சூளகிரிக்கே வந்துவிட்டாராம், கூட வர. மாமா ஓட்ட, அவர் முன்சீட்டில், மாமி பின்னால். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த சீசனில் எந்த லோடு யார் தப்பால் அழுகியது என்பதில் தொடங்கி, தமிழில் கேட்டு, தெலுங்கில் மறுத்து, கன்னடத்தில் ஆணையிட்டு, இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒருவரையொருவர் பேச விடாமல் பேசினார்களாம். ஓசூர் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ரோடு வந்தது. மாமா திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்லலியா மாமி?"

"இல்ல."

"மெஷின்ல வேற ஆளப் போட்டுடுவாங்களே."

"போட்டுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் எம் பக்கத்துலயே உக்காந்து பேசிட்டு இருந்தாங்க."

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. திட்டவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை.

"அப்ப எப்பத்தான் சொன்னீங்க?"

"பார்டர்ல ஜூஜூவாடி செக்போஸ்ட் கண்ணுக்குத் தெரிஞ்ச அப்புறம்," என்றார் மாமி.